பொம்மை வீட்டுக் கொத்தனார்

“கடைக்குப் போய்ப் புடவை எடுத்துட்டு வரலாம் வாடின்னு ஒரு மாசமாக் கூப்பிடுறேன், நகரமாட்டேங்குறா. உள்ளே கம்ப்யூட்டர்ல நிக்கிற பொம்பளைக்கு மட்டும் மூணு வாரமாப் புடவை கட்டிவிட்டுக்கிட்டிருக்கா. என்னான்னு நீங்களே கேளுங்க தம்பி” என்றார் அண்ணி, காப்பியை நீட்டியபடி.

கேட்கப் போனேன். அண்ணன் மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறவள். முப்பத்திரண்டு வயது. அடுத்தவர் கையெழுத்தில் ஒரு புள்ளி விலகினாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று பெயர். திரையில் ஒரு பெண்ணுருவம் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியபடி, தையல்காரரிடம் அளவு கொடுக்க வந்தவள்போல நின்றிருந்தது. இடுப்பிலிருந்து பாதம்வரை வலை வலையாக முக்கோணங்கள்.

“கொசுவம் சித்தப்பா. அஞ்சு மடிப்பு வச்சா அழகா இருக்கு. மூணு வச்சாத்தான் விளையாட்டு தாங்கும். அதான் யோசிக்கிறேன்.”

விளையாட்டு என்று அவள் சொன்னது ‘தி சிம்ஸ் 2’. மாக்சிஸ் செய்து, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2004 செப்டம்பரில் வெளியிட்டது. அதில் ஜெயிக்க ஒன்றுமில்லை, சுட ஆளுமில்லை. ஒரு வீடு, அதில் நாலு பேர். அவர்களுக்குச் சோறு போட்டு, குளிக்கவைத்து, தூங்கவைத்து, வேலைக்கு அனுப்பி, காதலிக்கவைத்து, கிழடாக்கி, கடைசியில் காலன் வந்து கூட்டிப்போகும்வரை மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விடிந்தால் வாசலில் பேப்பர் விழும், பிள்ளைகளை ஏற்றிப்போக மஞ்சள் பஸ் வரும், ஆபீசுக்கு அழைத்துப்போகக் கார் வந்து ஹாரன் அடிக்கும். அசல் அமெரிக்கப் புறநகர். 2009இல் மூன்றாவது சிம்ஸ், 2014இல் நான்காவது என்று புதிது புதிதாக வந்த பிறகும், இரண்டாவதைவிட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் இன்னொரு சின்னக் கூட்டம், அந்த வீடுகளுக்கு வேண்டிய மேசை நாற்காலியை, துணிமணியை, தலைமுடியைத் தன் கையாலேயே செய்து போடுகிறது. கஸ்டம் கன்டென்ட் என்று பெயர். அவர்கள் பாஷையில் ‘சிசி’.

அண்ணன் மகள் இந்தச் சின்னக் கூட்டம். ஒருத்தியைப் பார்த்தால் எல்லோரையும் பார்த்த மாதிரிதான்.

இவளிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: “விளையாடி முடிச்சிட்டியா?” கல்யாண வீட்டில் கரண்டியோடு நிற்கிற சமையல்காரரைக் கூப்பிட்டு முதல் பந்தியில் உட்காரச் சொன்னால் எப்படிப் பார்ப்பார், அப்படிப் பார்ப்பாள். “நான் விளையாடி எட்டு வருஷம் ஆகுது சித்தப்பா” என்றாள். குடியை விட்டவர்கள் தேதி சொல்வார்களே, அந்தத் தொனியில்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இவளும் எல்லோரையும்போல ஒழுங்காக விளையாடிக்கொண்டிருந்தவள்தான். அந்த விளையாட்டில் பெல்லா கோத் என்று ஒரு சிவப்புக் கவுன்காரி. புருஷன், பிள்ளைகள் எல்லாம் வீட்டில் இருக்க அவள் மட்டும் காணாமல் போயிருப்பாள். அவள் எங்கே போனாள் என்று இவள் சோறு தண்ணி இல்லாமல் தேடிய காலம் உண்டு. தேடிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் அந்த வீட்டு ஜன்னல் திரையின் நிறம் கண்ணை உறுத்தியிருக்கிறது. மாற்றினாள். திரை மாறியதும் சுவர் உறுத்தியது. சுவர் மாறியதும் தரை. தரை மாறியதும் நாற்காலி. பெல்லா கோத்தைத் தேடுவதற்கு இன்றுவரை ஆள் இல்லை.

நிறத்தை மட்டும் மாற்றுகிறவர் ‘ரீகலர்’காரர். வடிவத்தையே வார்க்கிறவர் ‘மெஷ்’காரர். மெஷ்காரர் ரீகலர்காரரிடம் பேசும்போது, வீட்டைக் கட்டிய மேஸ்திரி வெள்ளையடிக்க வந்த பையனிடம் காட்டும் கனிவு தெரியும். இவள் பதினைந்து வயதில் வெள்ளையடிக்கத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, மில்க்‌ஷேப் என்ற மென்பொருளில் முக்கோணம் முக்கோணமாக உருவம் செய்யக் கற்று, செய்ததை சிம்‌பிஈ என்ற இன்னொரு மென்பொருளில் போட்டுக் குடைந்து, மேஸ்திரி ஆனவள். அந்த மென்பொருள்களின் முகத்தைப் பார்த்தால் தாலுகா ஆபீஸ் விண்ணப்பம் நினைவுக்கு வரும். இவளோ அதில் கண்ணை மூடிக்கொண்டு நடமாடுகிறாள்.

புடவைக்கு வருவோம். மூன்று வாரம் ஏன் என்று எனக்கும் புரியவில்லை. அவள் விளக்கியபோது, மூன்று வாரத்தில் இவ்வளவு ஆகிவிட்டதா என்று தோன்றியது. அந்த விளையாட்டில் துணி என்று ஒன்று கிடையாதாம். துணியாகத் தெரிவதில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் உடம்பின் ஏதாவது ஓர் எலும்போடு முடிந்து வைக்க வேண்டும். இந்தப் புள்ளி முழங்காலுக்குச் சொந்தம், இது தொடைக்கு, இது பாதி பாதி. பாவாடை, சட்டை என்றால் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். முந்தானை யாருக்குச் சொந்தம்? முதுகோடு முடிந்தால், உட்காரும்போது நாற்காலியைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் வந்துவிடுகிறது. கையோடு முடிந்தால், அவள் கையைத் தூக்கி யாருக்காவது டாட்டா காட்டியதும் நாடகமேடைத் திரைபோல மேலே போகிறது. எலும்பே இல்லாமல் தொங்கும் முந்தானையை அமெரிக்காக்காரன் யோசிக்கவில்லை.

இதற்கு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அண்ணியைக் கூடத்து நாற்காலியில் இருபது தடவை உட்கார்ந்து எழச் சொல்லி, முந்தானை எந்தப் பக்கம் போகிறது என்று செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். என்னிடம் புகார் சொன்ன அண்ணி இதை மட்டும் சொல்லவில்லை. படத்தில் அவர் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது.

அத்தோடு முடியவில்லை. அந்த விளையாட்டில் ஆட்கள் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் குண்டாவார்கள். அதற்கு இதே புடவையில் இன்னொரு வடிவம் செய்து கோக்க வேண்டும். பிள்ளை உண்டானால் வயிறு மேடிட மூன்றாவது வடிவம். அதைச் செய்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. செய்யாமல் விட்டால் தனக்குத் தூக்கம் வராது என்கிறாள். இதற்கு முன்னால் செய்த பின்னல் கதையும் இப்படித்தான். கறுப்பு, பழுப்பு, பொன்னிறம், செம்பட்டை என்று நாலு நிறத்தில் செய்து, வயதானவர்களுக்கு நரையும் சேர்த்து, தத்தித் தத்தி நடக்கும் குழந்தை முதல் பாட்டிவரை ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியாகப் பொருத்தியிருக்கிறாள். “பூ வச்ச பின்னலுக்குச் செம்பட்டை எதுக்குடி?” என்றேன். “விட்டுட்டா அரைகுறைன்னு சொல்லுவாங்க சித்தப்பா.” யார் சொல்வார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ‘வாங்க’ யாரென்று யாருக்குமே தெரியாது. அவர்களுக்குப் பயந்துதான் நானும் எழுதியதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய படைப்புகளில் எனக்குப் பிடித்தது ஆட்டுக்கல். புதிதாக ஒரு சாமான் செய்வதென்றால், விளையாட்டில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைப் படியெடுத்து, அதன் உடம்பை மாற்றிவிடுவார்கள். குணம் பழைய சாமானுடையதாகவே இருக்கும். ஆட்டுக்கல்லுக்கு அவள் படியெடுத்தது மின்சாரத்தில் ஓடும் உணவு அரைக்கும் கருவியை. அது சமையல் மேடைமேல் மட்டும் உட்காரும் ஜாதி. ஆகவே இவள் ஆட்டுக்கல்லும் மேடைமேல்தான் உட்காரும். நின்றபடி அரைக்கலாம், ‘விர்ர்’ என்று சத்தமும் வரும். என் அம்மா இருந்திருந்தால் இதைத்தான் இத்தனை நாள் கேட்டேன் என்றிருப்பாள். முதல் தடவை ஒரு சின்னப் பிழை வேறு. சாமான் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. படியெடுத்தவர் அதை மாற்ற வேண்டும். இவள் மறந்துவிட்டாள். ஊரில் எந்தெந்த வீட்டில் அரைக்கும் கருவி இருந்ததோ, அத்தனை வீட்டிலும் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டுக்கல் முளைத்துவிட்டது.

பிறகு விலை. ‘மதர்லோட்’ என்று ஒரு மந்திரச்சொல் தட்டினால் 50,000 சிமோலியன் கைக்கு வந்துவிடும் ஊர் அது. விளையாடுகிற யாரும் அதைத் தட்டாமல் இருப்பதில்லை. அந்த ஊர்ச் சந்தையில் ஓர் ஆட்டுக்கல்லுக்கு 180 வைக்கலாமா, 220 வைக்கலாமா என்று இவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தாள். கல்லுக்குக் கூலி போட வேண்டாமா என்று அண்ணன் வேறு கலந்துகொண்டாராம்.

செய்ததை எல்லாம் ஊருக்கு இலவசமாகக் கொடுத்துவிடுவாள். கூடவே நிபந்தனைகள்: காசுக்கு விற்காதே, நீ செய்ததாகச் சொல்லாதே, என் பெயரைப் போடு. மூன்றும் நியாயம். அவள் அப்படிக் கொடுக்கிற சோபா, நான்காவது சிம்ஸிலிருந்து கழற்றி, முக்கோணங்களைக் குறைத்து, இரண்டாவதுக்கு ஏற்றபடி இழைத்தது என்பதை இங்கே கிளற வேண்டாம். ஆட்டுக்கல்லுக்கு நன்றி சொல்லி வெளிநாட்டுப் பெண் ஒருத்தி படம் அனுப்பியிருந்தாள். சமையல் மேடை ஒன்றைத் தோட்டத்து நடுவில் கொண்டுபோய் வைத்து, அதன்மேல் நம் ஆட்டுக்கல்லை ஏற்றி, சுற்றிலும் ரோஜாச்செடி. ‘பறவைகள் குளிக்கும் தொட்டி பிரமாதம். நீல நிறத்தில் கிடைக்குமா?’

இந்த விளையாட்டைக் கற்பனை செய்த வில் ரைட்டைப் பற்றிப் படித்தபோது, இது பரம்பரை வியாதி என்று தெரிந்தது. 1991இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டு மலையில் பரவிய தீயில் அவர் வீடு எரிந்துபோனது. மறுபடி வீடு கட்டிச் சாமான் வாங்கிச் சேர்க்கும்போது, ஒரு மனுஷனுக்கு என்னென்னதான் வேண்டும் என்று யோசித்திருக்கிறார். 2000இல் வந்த முதல் சிம்ஸுக்கு அந்த யோசனையும் ஒரு விதை. முதலில் அவர் நினைத்தது வீடு கட்டும் விளையாட்டைத்தான். கட்டிய வீடு வாழ லாயக்கா என்று குடியிருந்து பார்த்துச் சொல்வதற்காக உள்ளே விடப்பட்டவர்களே அந்த ஆட்கள். போகப் போக, வீட்டைவிட ஆட்கள் சுவாரசியமாக இருக்கிறார்கள் என்று மனம் மாறிவிட்டார். அண்ணன் மகளைக் கேட்டால், அந்த இடத்தில்தான் அவர் தடம் புரண்டார்.

எங்கள் வீட்டுப் பரம்பரையையும் விட்டுவிடக் கூடாது. கொலு நாட்களில் என் அம்மா, செட்டியார் பொம்மைக்கு முன்னால் அரிசி, துவரை, மிளகு என்று குட்டிக் குட்டியாகக் குவித்துக் கடை பரப்புவாள். கடையில் வாங்கியது செட்டியாரையும் செட்டிச்சியையும் மட்டும்தான். சரக்கு எல்லாம் அம்மாவுடைய ‘சிசி’. ஒன்பது நாளும் எங்களைத் தொடவிட்டதில்லை.

சாயங்காலம் ஆட்டத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போய் அரிசி களைந்து குக்கர் வைத்தாள். மற்றவர்கள் செய்ததும் தான் செய்ததுமாக டவுன்லோட்ஸ் கோப்புறையில் ஆயிரக்கணக்கில் சேர்த்துவைத்திருக்கிறாள். அத்தனையையும் வாயில் போட்டு மென்ற பிறகே விளையாட்டு கண்ணைத் திறக்கும். மூன்றாவது விசிலில் ஊர் தெரிந்தது. “சத்தம் போடாதீங்க” என்றாள். சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் இந்த வகை ஆட்கள் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். புதிய கணினிகளில் அந்தப் பழைய விளையாட்டுக்கு நினைவகம் திண்டாடும். திண்டாடினால் சுவர், சோபா, மனிதர் எல்லாம் பளிச்சென்று ரோஸ் நிறத்தில் மினுங்கத் தொடங்கிவிடும். ‘பிங்க் சூப்’ என்பார்கள். அன்று சூப் ஆகவில்லை.

வெறும் புல்தரையில் ஒரே ஒரு பெண். எட்டு வருஷமாக இவள் தைப்பதை எல்லாம் போட்டுப் பார்க்கிறவள். காலத்தை நிறுத்தியே வைத்திருப்பதால் அவளுக்கு வயதாகவில்லை. துணி மாறும், முடி மாறும், பக்கத்தில் சோபா வந்து போகும், அந்த மனையில் முதல் நாள் மட்டும் இன்னும் முடியவில்லை. வீடு? “கட்டணும் சித்தப்பா. கதவு ஒண்ணும் சரியா அமையலை.”

அண்ணியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை. நின்று கொண்டிருந்த காலத்தை அண்ணன் மகள் ஓடவிட்டாள். அந்தப் பெண் நடந்தாள். கொசுவம் விசிறியது. திரும்பினாள், முந்தானை சொன்னபடி கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தது.

“அடியே, நல்லா இருக்குடி. இந்தக் கலர்ல எனக்கு ஒண்ணு எடுக்கணும்” என்றார் அண்ணி.

நாலைந்து அடி நடந்ததும் அந்தப் பெண் நின்றாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். தலைக்கு மேல் சாப்பாட்டுப் படம் ஒன்று தோன்றியது. இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டி, புரியாத பாஷையில் கத்தத் தொடங்கினாள்.

“ஐயோ பாவம், பசிக்குதாம்டி. ஏதாவது குடேன்.”

அண்ணன் மகள் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனாள். “இறக்காதே, கையை இறக்காதே, அப்படியே இரு” என்று முணுமுணுத்தாள். கை தூக்கிய இடத்தில், ரவிக்கையின் அக்குளில் ஒரு கிழிசல். உள்ளே உடம்பு இல்லை, பின்னால் இருந்த புல் தெரிந்தது.

சேமிக்கவா என்று ஆட்டம் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள்.