முதல்ல குத்துவிளக்கை இறக்கும்

என்ன வே மருமவனே, பழைய பியானோ ஒண்ணை வாங்கிக் கூடத்துல போட்டிருக்கீராமே. வாசிச்சா வண்டு புகுந்த மாதிரி இரையுதாம், கம்பி பூராவும் மாத்தணும்னு நிக்கீராம். உள்ளே 230 கம்பி சுமாருக்கு இருக்கும். மாத்தும். என் மவ கழுத்துல இன்னும் ரெண்டு பவுன் மிச்சம் இருக்குல்லா.

அதுக்கு முன்னால, அது மேல ஏத்தி வச்சிருக்கீரே, உம்ம கல்யாண போட்டோ, பித்தளைக் குத்துவிளக்கு, ஓட்டப் பந்தயத்துல வாங்கின கப்பு, அதையெல்லாம் இறக்கி வையும். ஒவ்வொரு சாமானுக்கும் தனக்குன்னு ஒரு சுதி உண்டு. அந்தச் சுதியை நீரு தட்டினா அது நடுங்கும். ஒரு கட்டைக்கு மட்டும் இரைச்சல் வர்றதுக்கு அநேகமா அதான் காரணம். என் மவளை அந்தக் கட்டையை விடாம தட்டச் சொல்லிட்டு, நீரு ஜன்னல் கண்ணாடி, மூடிக் கீல், முன்பலகைன்னு ஒண்ணொண்ணா அமுக்கிப் பாரும். எதை அமுக்கும்போது சத்தம் நிக்குதோ அதான் கள்ளன். கீழ்ப்பலகையைக் கழத்தினா பேரன் போட்ட அஞ்சு ரூவாத் துட்டு, பென்சில், ஹேர்பின்னு கிடைக்கும். துட்டு எனக்கு.

அப்பவும் இரையுதா? சரி, கம்பிகிட்ட வாரும். தட்டும்போதே இரையுதா, கட்டையை விட்ட பொறவு இரையுதா? இதைச் சொல்லத் தெரியலைன்னா டியூனர் வந்து என்னத்தைப் பாப்பாரு? விட்ட பொறவுன்னா, கம்பி அதிர்றதை நிறுத்துற டேம்பரைக் கையால லேசா கம்பியோட அமுக்கும். சத்தம் அடங்கிச்சுன்னா அதோட ஃபெல்ட் கெட்டியாயிருக்கும், இல்ல கோணலா உக்காந்திருக்கும். ஆனா வலது கோடியில 20 கட்டை சுமாருக்கு டேம்பரே கிடையாது. அதையும் ரிப்பேர்ன்னு நீரு காட்டினா, வாரவன் சிரிக்காம காசை வாங்கிட்டுப் போயிருவான்.

தட்டும்போதே தடிச்ச கம்பி இரைஞ்சா, மேல சுத்தியிருக்கிற செம்புக் கம்பி தளந்திருக்கலாம். டியூனர் கம்பியைத் தளத்தி, கீழ்முனையை முளையிலேருந்து கழத்தி, சுத்தின திசையிலேயே இன்னும் கொஞ்சம் முறுக்கி மாட்டுவாரு. நீரு கை வைக்காதேயும். எல்லாக் கம்பியும் சேந்து 15லேருந்து 20 டன் வரைக்கும் இழுத்துக்கிட்டு நிக்குது. மெல்லிய கம்பி ஒத்தையா தட்டினாலும் ஓசை அலை அலையா ஆடுதா? கம்பியைத் தாங்குற பிரிட்ஜ் மேல அது சாஞ்சிருக்கிற ஆணியை ஸ்குரூ டிரைவரால அழுத்தச் சொல்லும். ஆட்டம் நின்னா, லூசா இருக்கிறது ஆணி.

பிரிட்ஜைத் தாண்டி வாசிப்புக்கு ஆகாத மிச்சக் கம்பி ஒண்ணு கிடக்கும், அதுவும் கூடவே சிணுங்கும். 1872ல பியானோ செஞ்ச தியோடர் ஸ்டைன்வே அந்த மிச்சத்தையும் சுதி சேத்து, மேல்ஸ்தாயிக்கு மெருகுன்னு பேட்டண்டே வாங்கிட்டாரு. சாதாரணப் பியானோவுல அங்கே துணி நாடா கோத்து அமுக்கியிருப்பான். உம்மதுல அதைப் பூச்சி அரிச்சிருந்தா வேற நாடா கோக்கச் சொல்லும். ஸ்டைன்வே பேரைச் சொல்லி, இதுவும் மெருகுதான் மாமான்னு என்கிட்ட கதை விடாதேயும்.

தேங்காயெண்ணெய் விடுற யோசனை இருந்தா இப்பமே மறந்துரும். சுதி கூட்டுற முளை இறுகி நிக்கிற மரத்துக்குள்ள எண்ணெய் இறங்கிச்சுன்னா, முளை பிடி விட்டுரும், அப்புறம் சுதி நிக்காது. குத்துவிளக்கை இறக்கியும் அடங்கலைன்னா நல்ல டியூனரைக் கூப்பிடும். காசு நான் தாரேன்னு எங்கேயும் சொல்லலை, கேட்டீரா?