பெரிய இடத்து முடிவெட்டு

கடனில் மூழ்கியவர்களுக்கு நீச்சல் சொல்லித்தர மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டிருந்தார்கள். வாசல் பேனரில் 'நிதி எழுத்தறிவு விழிப்புணர்வு முகாம்' என்று கொட்டை எழுத்து. செலவு யாருடையது என்பது மட்டும் ஓரத்தில் பொடி எழுத்து. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், வந்திருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு வாரக் கடன் கொடுத்திருக்கும் அதே கம்பெனி. சாராயக் கடைக்காரர் ஈரல் பரிசோதனை முகாம் நடத்தினால் குறை சொல்லலாமா? நோயாளிகளின் விலாசம் அவரிடம்தானே இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாக நான் போயிருந்தேன். அன்றைய நடவுக் கூலியை விட்டுவிட்டு அவர் வந்திருந்தார். வராவிட்டால் அடுத்த லோன் கிடைக்காது என்று குழுத் தலைவி சொல்லியிருந்தாராம்.

மேடையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறவருக்கே வாய்க்கும் ஒரு கனிவு அவர் குரலில். "வரவுக்குள்ள செலவு பண்ணணும்மா" என்றார். மண்டபம் கைதட்டியது. இந்தப் பரம ரகசியத்தை இத்தனை நாள் யாரும் அவர்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள், பாருங்கள்.

வெளியில் டீ குடிக்காதீர்கள், தீபாவளிக்குக் கடன் வாங்கித் துணி எடுக்காதீர்கள், செல்போன் ரீசார்ஜைக் குறையுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார்கள். பக்கத்துக்கு மூன்று கட்டம்: வரவு, செலவு, சேமிப்பு. அக்கா பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"வரவுல என்ன தம்பி எழுதுறது?"

"வர்றதை எழுதுங்கக்கா."

"உரிமைத்தொகை ஆயிரம். நடவு களைன்னா கூலி. அம்புட்டுத்தான். சேமிப்புக் கட்டத்துல வேணா கடனை எழுதிக்கிறேன். எடம் சும்மாதானே கெடக்கு."

அக்கா செய்த ஆடம்பரச் செலவு என்ன தெரியுமா? வீட்டுக்காரர் திருப்பூரில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். அதற்கு ஒரு குழு லோன். அதன் டியூவைக் கட்ட இன்னொரு குழு லோன். அதைக் கட்ட மூன்றாவது. இடையில் மகளுக்கு நர்சிங் படிப்பின் இரண்டாம் வருடப் பணம். தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் அடகுக் கடையில் குடியிருக்கிறது. போதாததற்குத் தண்டல் வேறு. பத்தாயிரம் என்று பேசி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். இதில் எந்த டீயைக் குறைப்பது?

முன்பெல்லாம் வாரத்தில் கிழமைக்கொரு சாமி இருந்தது. இப்போது கிழமைக்கொரு கம்பெனி. திங்கள் ஒருவர், புதன் ஒருவர், வெள்ளி ஒருவர். சாமியாவது கோயிலில் இருக்கும். போகாவிட்டால் தேடிக்கொண்டு வீட்டுக்கு வராது.

குழு என்பது நல்ல சொல்லாகத்தான் இருந்தது. 1989-இல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, பெண்கள் முதலில் தங்கள் காசைச் சேர்த்தார்கள், பிறகு தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லைத்தான் கம்பெனிகள் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டன. உள்ளே இருந்த சேமிப்பைக் கொட்டிவிட்டு, கூட்டு ஜாமீனை மட்டும் வைத்துக்கொண்டன. ஒருத்தி டியூ கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் எழுந்து போகக்கூடாது. வசூலுக்குக் கம்பெனி குண்டர்களை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியையே அதற்கு வைத்துக்கொள்ளலாம், சம்பளமும் இல்லை.

விதி இல்லையா என்று கேட்பீர்கள். விதிக்கு என்ன குறைச்சல்! ரிசர்வ் வங்கி 2022-இல் அழகாக எழுதிவைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன். மாதத் தவணை எல்லாம் சேர்த்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. பேசிவைத்த பொது இடத்தில்தான் வசூல். அடுத்தடுத்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீட்டு வாசலை மிதிக்கலாம். சொந்தக்காரரைத் தொல்லை செய்யக் கூடாது, பெயரை வெளியிட்டு மானத்தை வாங்கக் கூடாது. படிக்கப் படிக்க, சுவிட்சர்லாந்தில் கடன் வாங்கியது போல இருக்கும்.

அதே ஆண்டு, அதே கையால், இந்தக் கம்பெனிகளின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். வட்டி எவ்வளவு என்பதைக் கொடுக்கிறவரே முடிவு செய்துகொள்ளலாம், அநியாயமாக மட்டும் இருக்கக் கூடாதாம். ஆட்டின் பங்கை ஓநாயின் மனசாட்சிக்கு விட்டாயிற்று.

"பாதி வருமானம்னு விதி இருக்கே, உங்க வருமானம் என்னன்னு எழுதினாங்க?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"வந்த பையன் அவனே இருபத்தஞ்சாயிரம்னு போட்டுக்கிட்டான். கையெழுத்து மட்டும் எனக்கு."

இருபத்தைந்தாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் சரியாக மூன்று லட்சம். பாதி வருமானம் என்றால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு வரை டியூ கட்டும் தகுதி. காகிதத்தில் அக்கா நடுத்தர வர்க்கம். அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் ரேஷன் கடையில் மட்டும் காட்டிவிடக் கூடாது.

மேடையில் அடுத்து 'தீர்வு' வந்தது. சின்னச் சின்னக் கடன்களை எல்லாம் ஒரே பெரிய கடனாக மாற்றிக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. டாப்-அப் என்று அதற்குப் பெயர். விண்ணப்பப் படிவம் மண்டபத்தின் பின்பக்க மேசையில், சமோசாவுக்குப் பக்கத்தில். ஐந்து பாம்பையும் ஒரே கூடையில் போட்டு மூடித் தலையில் தூக்கிவைத்தால் பாம்புப் பிரச்சினை தீர்ந்தது. தூக்கிவைக்கக் கட்டணம் தனி, கூடைக்கு இன்சூரன்ஸ் தனி. நியாயமாகச் சொன்னால், வட்டி உண்மையிலேயே குறைகிற கடனுக்கு மாறுவதில் தவறில்லை. ஆனால் இந்தப் படிவத்தில் வட்டி என்கிற கட்டம் காலியாக இருந்தது. கையெழுத்துக்கான கட்டத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், செய்தித்தாள் படிப்பது. அதனால் இந்தத் தேசத்தில் கடனுக்கு வேறு மருந்துகளும் உண்டு என்று எனக்குத் தெரியும்.

2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வராக்கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அதில் 7.40 லட்சம் கோடி பெருந்தொழில்களும் சேவை நிறுவனங்களும் வைத்தது. இதைத் தள்ளுபடி என்று சொல்லிவிடாதீர்கள், பொருளாதாரம் தெரிந்தவர்களுக்குக் கோபம் வரும். கணக்கிலிருந்துதான் நீக்கினோம், துரத்திக்கொண்டேதான் இருக்கிறோம் என்பார்கள். அப்படித் துரத்தித் துரத்தி நீக்கிய கடனில் மீட்டது சுமார் 2.04 லட்சம் கோடி. இந்தத் துரத்தலில் யார் வீட்டுத் திண்ணையிலாவது எந்த அதிகாரியாவது இரவு பத்து மணி வரை உட்கார்ந்து, "கட்டிட்டுச் சாவுடி" என்று சொன்னதாகத் தகவல் இல்லை. சுமார் 9,000 கோடி பாக்கிக்காக வங்கிகள் தேடிய ஒருவர், 2016 மார்ச் 2-ஆம் தேதி விமானம் ஏறும்போது மாநிலங்களவை உறுப்பினராகவே ஏறினார். விஜய் மல்லையாவைச் சொல்கிறேன். நாளைக்கு நூறு ரூபாய்த் தண்டலில் இரண்டு நாள் பாக்கி வைத்தால் அக்கா பஸ் ஏற முடியாது.

பெரிய இடத்துக் கடனைக் குறைப்பதற்கு ஆங்கிலத்தில் ஓர் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்: ஹேர்கட். முடிவெட்டு. வலிக்காது, மறுபடி வளரும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். வீடியோகான் குழுமத்துக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட கடன் ஏறத்தாழ 64,800 கோடி. குழுமத்தை எடுத்துக்கொள்ள வந்தவர் கொடுக்க முன்வந்தது சுமார் 2,960 கோடி. நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூடத் தேறாத அந்தத் திட்டத்துக்கு 2021-இல் ஒப்புதல் கொடுத்த தீர்ப்பாயமே, இது முடிவெட்டா மொட்டையா என்று உத்தரவிலேயே அங்கலாய்த்துக்கொண்டது. மேல்முறையீட்டில் அடுத்த ஆண்டு அது ரத்தானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பாய உத்தரவில் எனக்குப் பிடித்தது அந்த மொட்டைக் கேள்விதான். மொட்டை யாருக்கு? கடன் வைத்தவருக்கு அல்ல, வங்கியில் காசு போட்டவருக்கு.

அப்படியானால் சின்னக் கடனாளிக்குச் சட்டம் எதுவுமே செய்யவில்லையா? செய்திருக்கிறது. 2016-இல் வந்த திவால் சட்டத்தில் 'புதிய தொடக்கம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஏழையின் கடனை மன்னித்து அவரை மறுபடி எழுந்து நிற்கவைக்கும் வழி. பெயரைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு தகுதிகளைப் படித்தேன். ஆண்டு வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அதாவது நாளைக்கு 165 ரூபாய்கூட வரக் கூடாது. சொத்து 20,000-ஐத் தாண்டக் கூடாது. நல்ல கறவை மாடு ஒன்றுக்கே அதைவிட விலை அதிகம். மன்னிக்கப்படும் கடன் 35,000-க்குள் இருக்க வேண்டும். சொந்த வீடு இருக்கக் கூடாது, அடமானத்தில் இருந்தாலும் கூடாது. அரசாங்கம் இரக்கப்பட்டுக் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டில் குடியிருந்தால், அந்த இரக்கத்தைக் காரணம் காட்டியே இந்த இரக்கம் கிடைக்காது. இத்தனை வடிகட்டலையும் தாண்டி ஒருத்தி தேறிவிட்டால்? கவலை வேண்டாம். சாதாரண மனிதர்களுக்கான அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. கம்பெனிகளுக்கான பகுதியோ, சட்டம் நிறைவேறிய அதே ஆண்டு டிசம்பரில் வந்துவிட்டது.

அதுவரை மஞ்சள் நோட்டீஸ் இருக்கிறது. 1920-ஆம் வருடத்து வெள்ளைக்காரன் திவால் சட்டம். ஐந்நூறு ரூபாய்க் கடன் இருந்தால் போதும், மனுப் போடலாம். வக்கீலுக்குக் கொடுக்க வேண்டியதற்கு மட்டும் இன்னொரு குழு லோன் தேவைப்படும். திவாலானவர் என்று அறிவித்துவிட்டால் ஊராட்சி வார்டு உறுப்பினராகக்கூட நிற்க முடியாது.

இந்த மண்ணில் எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. 1938-இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகளுக்காக ஒரு கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. வாங்கிய அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது, எழுந்து போ என்றது அது. ராஜாஜியைப் புரட்சிக்காரர் என்று அவருடைய எதிரிகள்கூடச் சொன்னதில்லை. இரண்டு மடங்கு கட்டியவள் இன்று எத்தனை பேர் என்று அந்த மண்டபத்தில் கையைத் தூக்கச் சொன்னால், மின்விசிறியில் கை இடித்திருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் சோறு செரிக்காது. 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. பதினான்கு ஆண்டு கழித்து, 2017 அக்டோபர் 23 அன்று, திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில், மனுக் கொடுத்துச் சலித்த ஒரு குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளுக்கு நடை பழகியே அதிக நாள் ஆகியிருக்காது. அரசாங்கம் அதிர்ந்தது, உடனே நடவடிக்கையும் எடுத்தது. மனு நாளில் கலெக்டர் அலுவலக வாசலில் போலீஸ் நின்று பைகளைத் துழாவத் தொடங்கியது, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. நீ எரிவது எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, இங்கே எரியாதே. கட்டாய வசூலுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று 2025-இல் புதுச் சட்டமும் வந்திருக்கிறது. நல்ல சட்டம்தான். 2003-இல் வந்ததும் நல்ல சட்டம்தான்.

அக்கா இதற்குள் நோட்டை மூடிவிட்டு, பையிலிருந்து நாள்காட்டித் தாள் ஒன்றை எடுத்தார். அதன் பின்பக்கம் அவருடைய சொந்த நிதி எழுத்தறிவு. தண்டலுக்கு இன்னும் பதினொரு நாள். அதை முடித்துவிட்டு இனி அந்தப் பக்கமே போவதில்லை. நகை ஏலத்துக்குப் போகுமுன் வட்டியைக் கட்டித் திருப்பிவைப்பது. மூன்று கம்பெனிகளில் வட்டி அதிகமுள்ளதை முதலில் அடைப்பது. மற்ற இரண்டையும் மக்கள் நீதிமன்றத்துக்கு இழுத்து, தவணையைக் குறைக்கக் கேட்பது. அங்கே கோர்ட்டுக் கட்டணம் கிடையாது, பெண் என்றால் இலவசச் சட்ட உதவியும் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். பேசி முடித்தால் எழுத்தில் வாங்கவேண்டும், கடன் தீர்ந்தது என்று கடிதம் வாங்காமல் கடைசி ரூபாயைக் கொடுக்கக் கூடாது. இதையும் எழுதிவைத்திருந்தார். டாப்-அப் என்று எழுதி அதன் மேல் கோடு போட்டிருந்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மேடையில் இருந்தவர் முதுகலைப் பட்டதாரி.

கேள்வி நேரம் வந்தது. ஹேர்கட் கதையை அக்காவின் காதில் ஓதியவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுந்து நிற்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

"சார், பெரிய கம்பெனிக்கெல்லாம் கடன்ல முடி வெட்டிவிடுறாங்களாமே. எங்களுக்கு மொட்டை எல்லாம் வேணாம் சார். நுனி மட்டும் கத்தரிச்சுவிட்டாப் போதும்."

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அடக்க முடியாமல், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது, சமோசா ஆறிவிடும் என்றார்.

மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் படம் போட்டிருந்தார்கள். அக்கா எழுந்து நிற்கிறார், கை நீட்டியிருக்கிறார். 'பெண்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டு சந்தேகங்களுக்கு விளக்கம் பெற்றனர்' என்று கீழே ஒரு வரி. காட்டலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். அன்று புதன்கிழமை. புதன் கம்பெனிக்காரர் திண்ணையோரம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மணி எட்டுகூட ஆகவில்லை.