டிலே வெச்ச மாப்ளைக்கு

ஏன் மாப்ள, எஸ்பிஐ டிரைவருல அஞ்சு மில்லிசெகண்ட் டிலே வெச்சதும் எல்லாம் சரியாப் போச்சாமா? பக்கத்துலயே ‘இதை எடுக்காதே’ன்னு கமெண்ட் வேற எழுதியிருக்கறயாம். நல்ல காரியம். அப்படியே ஒரு எலுமிச்சம்பழத்தையும் நாலு மொளகாயையும் கோத்து போர்டுல கட்டி விட்டயின்னா இன்னும் பந்தோபஸ்து. நானு வால்வு ரேடியோ காலத்து ஆளு, எனக்கென்ன தெரியும்னு நெனப்பே. சரி, தெரியாதவன் கேக்கற கேள்வியாவே நாலு கேக்கறேன்.

போலிங்ல நல்லா ஓடுது. இன்டரப்டுல எப்பவாச்சும் ஒரு பைட் காணாமப் போகுது. டிஎம்ஏ-ல கடைசி பைட்டே போய்ச் சேர மாட்டேங்குது. இதானே உன்ற பிராது? இதை வெச்சு நீ சொன்ன தீர்ப்பு என்ன? ‘போலிங் ஒழுங்கு, டிஎம்ஏ மோசம்.’ அந்த சிப்பைச் செஞ்சவனெல்லாம் மாடு மேய்க்கப் போயிருக்கோணும், பாவம்.

போலிங் ஒழுங்குன்னு உனக்கு ஆரு சொன்னா? ப்ராசஸர் ஒரு பைட்டைப் போட்டுட்டு, கொடி எப்ப ஏறுதுன்னு பாத்து நின்னு, அடுத்ததைப் போடறதுக்குள்ள நடுவால ஒரு இடைவெளி தானா விழுந்துருது. எதிர்ல இருக்கற ஸ்லேவ் அந்த இடைவெளியிலதான் பொழப்பை ஓட்டிட்டு இருந்துச்சு. டிஎம்ஏ அப்படி நின்னு நிதானிக்காது, ஒட்டுக்கா அடுக்கித் தள்ளும். பைட்டுக்கும் பைட்டுக்கும் நடுவுல எத்தனை நேரம் விடோணும்னு ஸ்லேவோட டேட்டாஷீட்டுல இருக்குதான்னு பாத்தயா? அதுல நீ பாத்த ஒரே பக்கம் காலுக்கு என்ன பேருன்னு போட்டிருக்கற பக்கம்.

இன்டரப்டுக்கு ஒரு சின்னக் கணக்கு. உன்ற கார்டெக்ஸ்-எம்3 ஓடறது 72 மெகாஹெர்ட்ஸ். பஸ்ஸை 9-ல வெச்சிருக்கறே. பிட்டுக்கு 8 சைக்கிள், பைட்டுக்கு 64. இன்டரப்டுக்குள்ள நுழையறதுக்கே 12 போயிருது, திரும்பி வர்றதுக்கும் ஏறக்குறைய அத்தனையே. மிச்சம் நாப்பது. அந்த நாப்பதுக்குள்ள லைப்ரரிக்காரன் எழுதுன அடுக்கடுக்கான செக்கிங், கால்பேக், அதுக்குள்ள நீ ஆசை ஆசையாப் போட்ட பிரின்ட்எஃப். அப்பறம் பைட்டு தொலையாம என்ன பண்ணும்? ஓவர்ரன் கொடி ஏறித்தான் நிக்குது. நீ அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல.

இப்ப டிஎம்ஏ. இங்கதான் மாப்ள நீ கெட்டது. தோட்டத்துல மோட்டாரை நிறுத்துன அந்த நொடியே ஓடிப்போய் மடையைக் கட்டுனா, வாய்க்கால்ல வந்துட்டு இருக்கற தண்ணி எங்க போகும்? கடைசிப் பாத்தி காஞ்சுதான் கெடக்கும். டிஎம்ஏ ‘முடிஞ்சுது’ங்கறது, கடைசி பைட்டை டேட்டா ரெஜிஸ்டருல போட்டாச்சுங்கறதுதான். ரெஜிஸ்டருல ஒண்ணு, ஷிப்ட் ரெஜிஸ்டருல ஒண்ணுன்னு ரெண்டு பைட் வரைக்கும் இன்னும் கம்பியில எறங்காம இருக்கும். நீ அதுக்குள்ள சிப் செலக்டைத் தூக்கிட்டே. டிஎக்ஸ்இ கொடி ஏறோணும், அதுக்குப் பொறகு பிஸி கொடி எறங்கோணும், அப்பறமாத்தான் அந்தக் காலைத் தொடோணும். அனுப்பறதுக்கும் வாங்கறதுக்கும் ரெண்டு பக்கமும் டிஎம்ஏ போட்டிருந்தயின்னா இன்னும் சுளுவு: வாங்கற பக்கம் முடிஞ்சுதுன்னு சொன்னா நம்பு, அனுப்பற பக்கம் சொல்றதை நம்பாதே. ரெண்டு பைட் போறதுக்கு 2 மைக்ரோசெகண்ட் கூட ஆகாது. நீ வெச்ச டிலே 5,000 மைக்ரோசெகண்ட். தாராள மனசுதான், உங்கப்பனுக்கு அது கெடையாது.

போலிங்லயும் இதே தப்பு இருக்குது, தெரியுமா? அந்த ஃபங்ஷன் ஆடி அசைஞ்சு திரும்பி வர்றதுக்குள்ள பைட்டு போய்ச் சேந்துருது. கம்பைலருல ஆப்டிமைசேஷனைக் கூட்டிப் பாரு, குட்டு வெளிய வரும்.

பஃபரை ஃபங்ஷனுக்குள்ள லோக்கலா வெச்சுட்டு, டிஎம்ஏ-வைக் கெளப்பி விட்டுட்டு ரிட்டர்ன் ஆனதைப் பத்தி நானு பேச மாட்டேன். ஒறம்பரை மொறை விட்டுப் போகும்.

அடுத்த போர்டுக்கு எஸ்டிஎம்32 எச்7 வாங்கியாச்சாமா? ரொம்ப சந்தோசம். அதுல டிடிசிஎம்னு ஒரு ராம் இருக்குது. வேகம்னா அப்படி ஒரு வேகம். டிஎம்ஏ1, டிஎம்ஏ2 ரெண்டாலயும் அதைத் தொட முடியாது. உன்ற பஃபர் அங்க போய் உக்காந்துச்சுன்னா வேலை நடக்காது. சரீன்னு வேற ராமுக்கு மாத்துவே. அங்க கேஷ் நிக்குது. டிஎம்ஏ புது டேட்டாவை ராமுல கொண்டாந்து வெச்சிருக்கும், ப்ராசஸர் கேஷ்ல இருக்கற பழசையே படிச்சுட்டு இருக்கும். அனுப்பறதுக்கு முந்தி கேஷைக் க்ளீன் பண்ணோணும், வாங்குன பொறகு இன்வாலிடேட் பண்ணித்தான் படிக்கோணும். பஃபர் 32 பைட் எல்லையில ஆரம்பிச்சு 32-ன் மடங்குலயே முடியோணும். இல்லாட்டி அதே கேஷ் வரிசையில பக்கத்துல இருக்கற சம்பந்தமில்லாத வேரியபிளும் சேந்து நாசமாகும். அப்ப நீ அந்த வேரியபிளை எழுதுன பையனைப் போய்த் திட்டுவே.

லாஜிக் அனலைசர் வெச்சுப் பாத்தேன், சிக்னலே தாறுமாறா இருக்குதுன்னியே, அது எது? விலை கம்மியா வந்துதுன்னு வாங்குனயே, நொடிக்கு 24 மெகா சாம்பிள் எடுக்கறது, அதானே? 9 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்துக்கு ஒரு சுத்துக்கு மூணு சாம்பிள் கூடத் தேறாது. தாறுமாறு அந்த டப்பாவுலதான்.

கடைசியா ஒண்ணு. டெஸ்டுக்கு என்ன டேட்டா அனுப்பிப் பாக்கறே? எல்லாமே சைபர். சைபரை அனுப்புனேன், சைபர் திரும்பி வந்துச்சு, பாஸ்! மிசோ கம்பி கிரவுண்டோட ஒட்டிக் கெடந்தாலும் சைபர்தான் சாமி வரும். 0-லிருந்து 255 வரைக்கும் ஏறுவரிசையா அனுப்பு, தொலைஞ்சது ரெட்டிச்சது ரெண்டும் தெரியும். ஒவ்வொரு சுத்துக்கும் தொடக்க எண்ணை மாத்து, இல்லாட்டி கேஷ்ல கெடக்கற பழசும் பாஸாயிரும். மூணு முறையிலயும் அதே டேட்டா. ராத்திரி பூரா ஓட விட்டுட்டு, எத்தனை தப்புன்னு காலைல வந்து சொல்லு. சைபர்னு சொன்னயின்னா மொதல்ல அந்த மிசோ கம்பியைத்தான் இழுத்துப் பாப்பேன்.