பொம்மையில் நாலு வித்தை

கே: குழந்தைகள் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா?

ப: பார்க்கிற விதத்தில் பார்த்தால் ஆராய்ச்சிதான். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மில்ட்ரெட் பார்ட்டன், மழலையர் பள்ளிப் பிள்ளைகளை ஒரு தடவைக்கு ஒரே நிமிடம் என்று மாறி மாறிக் கவனித்துக் குறித்துக்கொண்டார். தனியாக விளையாடுவது, பக்கத்தில் உட்கார்ந்தும் அவரவர் பாட்டுக்கு விளையாடுவது, கூடித் திட்டம் போட்டு விளையாடுவது என்று வகை பிரித்து 1932-இல் எழுதினார். ஓரமாக நின்று பார்ப்பதற்கும் அதில் ஓர் இடம் உண்டு. அதனால் ஒதுங்கி நிற்கும் பிள்ளையை, "போய்ச் சேர்ந்துக்கோ" என்று பிடித்துத் தள்ளாதீர்கள்.

கே: கோலி ஆடும்போது என் மகன் நிமிடத்துக்கொரு சட்டம் போடுகிறான். ஏமாற்றுக்காரனாகிவிடுவானோ?

ப: வக்கீலாகவும் ஆகலாம்! சுவிட்சர்லாந்தில் ழான் பியாஜே, "எனக்கு ஆடத் தெரியாது, சொல்லிக்கொடு" என்று சிறுவர்களிடம் கோலி கற்றுக்கொண்டே அவர்களுடைய நியாய உணர்வைப் படித்தார். சட்டம் பெரியவர்கள் போட்டது, அதில் கைவைக்கக் கூடாது என்றார்கள் சின்னவர்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள் பதினோரு, பன்னிரண்டு வயதுக்காரர்கள். உங்கள் மகனின் புதுச் சட்டத்துக்குக் கூட்டாளிகள் சம்மதிக்கிறார்களா? சம்மதிக்காவிட்டால் சண்டை வரும். வரட்டும், அவர்களே பேசித் தீர்க்கட்டும்.

கே: எலிகூடச் சிரிக்குமாமே?

ப: கிச்சுக்கிச்சு மூட்டினால் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடும் என்று யாக் பாங்க்செப் கண்டார். நம் காது 20-க்கு மேல் கேட்காது. எலிகள் தங்களுக்குள் விளையாடும்போதும் அதே சத்தம்தான். அதைச் சிரிப்பின் உறவினம் என்றே அவர் சொன்னார்.

கே: புதுப் பொம்மை வாங்கினால், எப்படி விளையாடுவது என்று சொல்லித்தர வேண்டாமா?

ப: கொஞ்சம் பொறுங்கள். எலிசபெத் பொனவிட்ஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பொம்மை, அதில் நாலு வித்தை: ஓரிடத்தில் இழுத்தால் கீச்சொலி, இன்னோரிடத்தில் விளக்கு, ஓரிடத்தில் இசை, ஒரு குழாய்க்குள் கண்ணாடி. சில குழந்தைகளுக்கு, "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று டீச்சர் தோரணையில் கீச்சொலியை மட்டும் காட்டினார்கள். வேறு சிலருக்கு முன்னால், தற்செயலாகக் கைபட்டதுபோல் அதையே செய்தார்கள். பாடம் கேட்ட குழந்தைகள் கீச்சொலியோடு நின்றுவிட்டார்கள், மற்ற வித்தைகளில் குறைவாகவே கண்டுபிடித்தார்கள். மந்தபுத்தியா? இல்லவே இல்லை. இன்னும் ஏதாவது இருந்தால் பெரியவர் காட்டியிருப்பாரே என்ற கணக்கு. நம்மேல் அவ்வளவு நம்பிக்கை! அந்த நம்பிக்கையை முதல் பத்து நிமிடத்திலேயே செலவழித்துவிடாதீர்கள்.

கே: விளையாடினால் மூளை வளரும் என்பதற்கு நிரூபணம் உண்டா?

ப: சொப்பு வைத்துச் சமைப்பது, டீச்சராக நடிப்பது போன்ற பாவனை விளையாட்டுகள் பற்றிய ஆய்வுகளை ஏஞ்சலின் லில்லார்டும் குழுவினரும் 2013-இல் அலசினார்கள். புத்தி வளர அந்த விளையாட்டுதான் காரணம் என்று அடித்துச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். எனவே, 'மூளையை வளர்க்கும்' என்று அட்டையில் அச்சடித்த பொம்மைக்கு அதிகக் காசு கொடுக்காதீர்கள். சாயங்காலம் டியூஷனில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துத் தெருவுக்கு அனுப்புங்கள். மதிப்பெண்ணுக்காக அல்ல, அது பிள்ளையின் உரிமை. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை, 31-ஆம் பிரிவு. இந்தியாவும் ஒப்புக்கொண்டிருக்கிறது.