ஒரு பழைய ஜீப்பின் நிலைப்பாடுகள்: கள ஆய்வு நோக்கில்

தோற்றுவாய்

வண்டிகள் இருவகைப்படும்: கிளம்புவன, கிளம்பாதன. இப்பகுப்பில் அடங்காத மூன்றாம் வகை ஒன்று போடிநாயக்கனூரில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் அது முனகாமல் ஏறும். பால் வாங்கப் போனால் பால்கடை வாசலிலேயே படுத்துக்கொள்ளும். இம்முரணுக்குக் காரணம் காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை

வண்டி ஒன்று, உரிமையாளர் ஒருவர். காலம், வாங்கிய நாள் தொடங்கி விற்க முடியாத இந்நாள் வரை.

ஆய்வு மூலங்கள்

முதன்மை மூலம் வண்டி. துணைமை மூலம் ஆர்.சி. புத்தகம். இரண்டுக்கும் இடையே பாடபேதங்கள் மிகுதி. புத்தகத்தில் நிறம் பச்சை. வண்டியில் வெள்ளை; சுரண்டினால் நீலம்; இன்னும் சுரண்டினால் துரு. சேஸிஸும் முகப்பும் மூலபாடம் என்பதில் ஐயமில்லை. எஞ்சின் பிற்காலத்தது. கியர்பாக்ஸ் வேறு மரபினது. கதவுகள் தேனியில் ஒரு வெல்டிங் பட்டறையில் நிகழ்ந்த இடைச்செருகல். எனவே இதை இன்ன கம்பெனியின் வண்டி என்பது, பல புலவர் பாடிய தொகைநூலை ஒருவர் தலையில் கட்டுவதற்கு ஒப்பாகும்.

முன்னை வரலாறு

1940இல் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வண்டி ஒன்று வேண்டும், மாதிரி 49 நாளில் வேண்டும் என்று கேட்டது. பான்டம் என்ற சிறு கம்பெனி செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் அவ்வகை வண்டிகளை லட்சக்கணக்கில் செய்து குவித்தன. போர் முடிந்தபின், 1940களின் இறுதியில், மகிந்திரா வழியாக வில்லிஸ் ஜீப் இந்தியாவுக்கு வந்தது. அந்த வம்சமே இன்று ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறது. இங்கு ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. ஒரு புது வண்டியையே உருவாக்க 49 நாள். என் வண்டிக்குக் கிளட்ச் பிளேட் மாற்ற 52 நாள். அமெரிக்காவுக்குப் போர் என்ற நெருக்கடி இருந்தது. பட்டறைக்காரருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

கருதுகோள்

ஓடும்போது நிற்காது, நிறுத்தினால் ஓடாது.

இதற்கு விளக்கம் வருமாறு. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். பிஸ்டன் காற்றை நெருக்கும்; நெருக்கிய சூட்டில் டீசல் தானே பற்றும். ஆகவே இந்தப் பழைய எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரி செத்தாலும் கவலைப்படாது. ஆனால் ஓடத் தொடங்க வேண்டுமே! பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும், செல்ஃப் மோட்டார் எடுக்க வேண்டும், குளிரில் ஹீட்டர் பிளக் சூடேற வேண்டும், டீசல் டியூப்பில் ஏர் புகாதிருக்க வேண்டும். இந்நான்கும் ஒரே காலையில் ஒத்துப்போவது, நான்கு பங்காளிகள் ஒரே நாளில் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்திடுவது போன்றது.

எஞ்சினை நிறுத்த ஒரு குமிழை இழுத்தால் போதும், டீசல் நின்றுவிடும். இக்குமிழை இழுக்கும் அதிகாரம் வீட்டில் வேறு யாருக்கும் தரப்படவில்லை.

களச் சான்று

சென்ற ஐப்பசியில் போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாதையில், ஏலக்காய் மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று பின்சக்கரம் புதையச் சேற்றில் கிடந்தது. ஜீப்பின் இரண்டாவது கம்பியைத் தள்ளி, நான்கு சக்கரத்துக்கும் லோ கியர் போட்டேன். அந்தக் கியரில் வேகம் ஆள் நடக்கும் வேகம்தான். குறைந்த வேகமெல்லாம் இழுவையாக மாறியிருக்கும். கயிறு விறைத்தது. பிக்கப் பல்லைப் பிடுங்கினாற்போல வெளியே வந்தது. டிரைவர் ஜீப்பைத் தொட்டுக் கும்பிட்டார்.

அன்று மாலை போடியில், சமதளத்தில், டீ குடிக்கும் ஆசையில் குமிழை இழுத்துவிட்டேன். திரும்பி வந்து சாவியைத் திருகினால் 'டக்' என்றது, அவ்வளவுதான். தள்ளுவதற்கு ஆள் தேடியபோது முதலில் ஓடி வந்தவர் அதே பிக்கப் டிரைவர். கும்பிட்ட கையாலேயே தள்ளினார்.

திணைப் பகுப்பு

இவ்வண்டியின் ஒழுக்கத்தைத் தொல்காப்பியம் முன்பே வகுத்துவிட்டதோ என ஐயுற இடமுண்டு. மலையாகிய குறிஞ்சியில் கியரும் சக்கரமும் புணரும். முல்லையில் மெக்கானிக் வரும்வரை இருத்தல். வயலும் வயல் சார்ந்த சமதளமுமாகிய மருதத்தில் ஊடல். நீர் தேங்கிய நெய்தலில் பிரேக் நனைந்து இரங்கல். பாலையில் சைலன்சர் பிரிதல்.

சமூகப் பயன்

ஆய்வாளர் இப்போது ஊரைச் சரிவுகளால் அறிகிறார். எந்தப் பல்வலிக்கும் அவர் நாடுவது சரிவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரை. சித்தப்பா வீட்டுக்கு முன் தெரு மட்டமாக இருப்பதால் அந்த உறவு சற்றுத் தளர்ந்துள்ளது. மறுபுறம், தள்ளியவர்கள் பட்டியல் நீண்டிருக்கிறது: டீ மாஸ்டர், டியூஷன் முடிந்து வரும் பையன்கள், ஏலக்காய்க் கடைச் சுமைதூக்குவோர். செகண்ட் கியரில் போட்டு, கிளட்ச்சை விடும் அந்த ஒரு குலுக்கலில் பிறந்த உறவுகள் இவை. தள்ளியவர் வீட்டுக் காதுகுத்துக்கு மொய் எழுதாமல் இருக்க முடியாது. ஆண்டுக்கு டீசலைவிட மொய்ச் செலவே அதிகம். எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் வைத்திருக்கிறார். சாவியைத் தொட்டதும் கிளம்பிவிடுகிறது. அவரைத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

தடையும் விடையும்

அற்றேல், கோளாறைச் சரிசெய்தால் என்ன எனின், மெக்கானிக்கின் கூற்றே விடையாம்: "இது கோளாறு இல்லண்ணே, பழக்கம். கோளாறுன்னா சரி பண்ணிப்புடலாம்."

விற்றுவிட்டால் என்ன எனின், அதுவும் முயலப்பட்டது. கம்பத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். சமதளம், காலைக் குளிர். ஜீப் முதல் செல்ஃபிலேயே கிளம்பி, புகைகூட விடாமல் நின்று பாடியது. வந்தவர் கேட்ட விலையைத் தர ஒப்புக்கொண்டார். ஆய்வாளர்தான், ஆய்வு இன்னும் முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நன்றியுரை

இக்கட்டுரையைத் தபாலில் சேர்க்க ஜீப்பில்தான் போகிறேன். தபால் ஆபீஸ் வாசல் மட்டமான தரை. அங்கே என்னைத் தள்ளிவிடப் போகும் இருவருக்கும் முன்கூட்டியே நன்றி.