சித்தப்பா சாயம் அடிக்கிறார்

உதவிக்கு வரும் சித்தப்பாவின் கையில் பிரஷ் இருக்காது, ரோலர் இருக்காது, மணல்தாள்கூட இருக்காது. இஸ்திரி போட்ட சட்டை, கைக்கடிகாரம், முதுகுக்குப் பின்னால் கட்டிய இரண்டு கைகள், இவ்வளவுதான் அவர் கொண்டுவரும் சாமான். தீபாவளிக்கு முந்தின மாதமாக இருந்தால் மன்னித்துவிடலாம். அப்போது பேராக் முழுக்க எல்லாருக்கும் சாயப் பைத்தியம். இவரோ பண்டிகையும் கல்யாணமும் பள்ளி விடுமுறையும் இல்லாத வெறும் வாரத்தில் வருகிறவர். ஈப்போவின் புந்தோங்கிலோ சிலிபினிலோ அண்ணன் மகன் லீவு போட்டுவிட்டுச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான் என்ற சேதி எட்டினால் போதும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும், "ஒத்தாசைக்கு ஆள் வேணும்ல" என்ற குரல் கேட்கும். நிறத்தை மாற்றச் சொல்வார், ஹார்ட்வேர் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பார், தன் வீட்டில் நல்ல ஏணி ஒன்று சும்மா கிடப்பதை மூன்றாம் நாள் நினைவுகூர்வார். அதெல்லாம் சில்லறை. அவருடைய முழுநேரத் தொழில் விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிப்பது.

அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். முதலில் கூடத்தின் நடுவில் நிற்பார். தலை இடது பக்கம் சாயும், வலது பக்கம் சாயும். ஒரு கண் மூடும். பின்னால் கட்டிய கைகளில் வலது கை மட்டும் விடுபட்டு முன்னால் வரும், சுட்டுவிரல் நீளும். "தம்பி, அங்க விட்டுப்போச்சு பாரு." தம்பி ஏணியில் ஏறித் தடவிவிட்டு இறங்குவான். அவன் கால் தரையில் படுவதற்குள் விரல் இரண்டடி தள்ளிப் போயிருக்கும். நின்றால் தெரியும் இடங்கள் தீர்ந்ததும் நாற்காலி கேட்பார். உட்கார்ந்தால் தெரிகிற இடங்கள் வேறு. தே ஓ வந்ததும் குவளையோடு ஜன்னலோரம் போவார். அங்கே வெளிச்சம் சாய்ந்து விழுவதால் புதிதாகச் சில கிடைக்கும். மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தால் கைத்தொலைபேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் தாஜ் மகாலிலும் விட்டுப்போன இடம் தெரியும். சுவிட்சுக்கு மேலே, கதவு நிலைக்குப் பின்னால், சாமி படம் மறைக்கப்போகிற சுவரில், அலமாரியை வைத்தால் இந்தப் பிறவியில் யாரும் பார்க்க முடியாத மூலையில் என்று எங்கும் அவருக்கு ஒன்று அகப்படும். சாயங்காலம் ஹெல்மெட் மாட்டி வண்டியை உதைத்த பிறகும், வாசலிலிருந்து கழுத்தை நீட்டிக் கடைசியாக ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

கண் நன்றாக இருக்கிறவர் சொல்கிறார், அதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பு கண்ணில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. எமல்ஷன் சாயம் என்பது தண்ணீரில் பரவிக்கிடக்கும் பிசின் துகளும் நிறத்துகளும். தண்ணீர் ஆவியாகப் போனால்தான் துகள்கள் நெருங்கி ஒட்டிப் படலமாகும். ரோலர் உருளும்போது சாயம் ஓரிடத்தில் தடிப்பாக விழும், ஓரிடத்தில் மெல்லிசாக விழும். மெல்லிசான இடம் முதலில் காய்ந்துவிட, தடிப்பான இடம் ஈரமாகவே மினுங்கும். ஆகவே பாதி காய்ந்த எந்தச் சுவரும் திட்டுத் திட்டாகத்தான் தெரியும், அடித்தவன் கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி. அடுத்த பூச்சுக்கு இரண்டு மணி நேரமாவது பொறுங்கள் என்று பெரும்பாலான டின்களில் அச்சிட்டிருப்பார்கள். சுண்ணாம்புக்கல் மலைகள் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில், மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும் வாடிக்கையாக வந்துபோகும் ஈப்போவில், இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பொறுக்க வேண்டும். சித்தப்பா பொறுப்பது பத்து நிமிடம். அவர் விரல் காட்டிய இடத்தில் பாதி காய்ந்த படலத்தின் மேல் ரோலரை மறுபடி உருட்டினால் அடியில் இருப்பது இழுபட்டுக் கிளம்பும், ஓரம் வரம்பு கட்டும், அந்த வரம்பு காய்ந்த பிறகும் போகாது. சும்மா விட்டிருந்தால் தானாக மறைந்திருக்கும் திட்டு, அவர் காட்டியதால் நிரந்தரமாகிறது. மறுநாள் காலையில் வந்து அதையே காட்டி, "நான் நேத்தே சொன்னேன்ல" என்பார். சொன்னது உண்மைதான்.

அவர் அனுபவசாலி, தோட்டத்தில் பிறந்தவர், சிறு வயதிலேயே லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர் என்பது அடுத்த வாதம். மற்றவர் சொல்லவேண்டிய அவசியமில்லாதபடி இதைத் தினமும் அவரே எடுத்துவைப்பார். ஆனால் அந்தச் சுண்ணாம்பே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால், ஈரம் இருக்கும்வரை சுவரில் பூசிய சுவடே சரியாகத் தெரியாது. ஈரம் வற்ற வற்றத்தான் வெள்ளை எழும். அதற்குப் பிறகும் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சிக் கல்லாக இறுகும். காலையில் அடித்து, மத்தியானம் சோறு தின்று, படுத்து எழுந்து பார்த்தால்தான் எது வெளுத்தது, எது விட்டுப்போனது என்று சொல்ல முடியும். பொறுத்திருந்து பார்க்கும் பழக்கம் உலகத்தில் யாருக்கு வராவிட்டாலும் சுண்ணாம்பு அடித்தவருக்கு வந்திருக்க வேண்டும். இவருக்கு வரவில்லை. ஆகவே அன்றைக்கும் அவர் அடிக்கவில்லை, அடித்தவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்ற முடிவைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

யாரைப் பார்த்து அப்படி நிற்கக் கற்றார் என்பது ஒன்றும் மர்மமில்லை. ரப்பர்த் தோட்டத்தில் இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, ஆளுக்கொரு நெரையாக நானூறு ஐந்நூறு மரங்களை வெட்டிக்கொண்டு போவார்கள். பின்னாலேயே மேற்பார்வைக்கு மண்டோர் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு வருவார். வெட்டாமல் விட்ட மரம் உண்டா, கத்தி ஆழமாக இறங்கிக் காயம் பட்டிருக்கிறதா, பட்டையைத் தேவைக்கு மேல் சீவியிருக்கிறார்களா என்பதுதான் அவர் கவலை. மண்டோருக்கு மேலே கிராணி, கிராணிக்கு மேலே துரை. கீழே இருப்பவரின் வேலையில் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது ஒவ்வொருவர் சம்பளத்திலும் ஒரு பங்கு. அந்தத் தோட்டங்களில் பல துண்டாடப்பட்டன, பல செம்பனைக்கு மாறின, சில தாமான்களாகிவிட்டன. மண்டோர் மட்டும் சித்தப்பாவுக்குள் இன்னும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார். இப்படிச் சொல்லும்போது மண்டோருக்கு அநியாயம் செய்துவிடக் கூடாது. காயம் பட்ட மரம் நிஜமாகவே கெட்டுப்போகும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு அங்கே கத்தி ஓடாது. மண்டோர்களில் பலர் தாங்களும் மரம் வெட்டி மேலே வந்தவர்கள். தப்புக் கண்டால் கத்தியை வாங்கி வெட்டிக் காட்டத் தெரிந்தவர்கள். சித்தப்பாவிடம் பிரஷ்ஷை நீட்டிப் பாருங்கள். அதுவரை நன்றாக இருந்த முதுகு பிடித்துக்கொள்ளும்.

மேலே ஒருவர் நின்றால்தான் எந்த வேலையும் முடியும் என்பது அவருடைய கடைசிக் கோட்டை. பேராக்கில் அந்தக் கோட்டைக்கு நிஜமான உருவமே இருக்கிறது. பத்து காஜாவுக்குப் பக்கத்தில் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டத் துரை 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை, கெல்லீஸ் காசல். 1926இல் அவர் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்தார், குடும்பம் சொத்தை விற்றது, வேலை அப்படியே நின்றது. துரை போனதும் வேலை நின்றது பார்த்தீர்களா என்பார் சித்தப்பா. நின்றது பணம். மேற்பார்வைக்கு அங்கே ஒரு நாளும் பஞ்சமிருந்ததில்லை. கட்டிய கூலிகளிடையே நோய் பரவிப் பலர் மாண்டபோது, மற்றவர்கள் கேட்டுக்கொண்டதால் துரை அருகிலேயே ஒரு மாரியம்மன் கோயில் எழுப்பிக்கொடுத்தார் என்பார்கள். அதன் கூரையில் சாமி உருவங்களுக்கு நடுவே கோட்டுப் போட்ட உருவம் ஒன்று நிற்கிறது. அது ஸ்மித்தான் என்பது ஊர்ப்பேச்சு. செங்கல் சுமந்தவர் யாருக்கும் கூரையில் இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. நிற்பவரை மேலே ஏற்றிவைக்கும் புத்தி நமக்குப் பழையது. சித்தப்பாவை ஒருமுறை அந்த மாளிகைக்கு அழைத்துப் போவது நல்லது. பூச்சு காணாத செங்கல் சுவர்கள் மாடிக்கு மாடி நிற்கும் இடத்தில், விட்டுப்போனது என்று அவர் எதைக் காட்டுவார்?

கூலிக்கு ஆள் வைத்துவிட்டால் தொல்லை தீருமே என்பார்கள். தீரும், ஆனால் விசித்திரமான காரணத்துக்காகத் தீரும். வெளி ஆள் வந்து அடிக்கும்போது சித்தப்பாவின் கண் மங்கிவிடுகிறது. அந்த ஆள் மூலையை மொத்தமாக விட்டாலும், சுவிட்சின் மேல் சாயத்தை வழியவிட்டாலும், "நல்லா அடிக்கிறான்" என்று தலையாட்டுவார். அவனுக்கு சிகரெட்கூட நீட்டுவார். அவருடைய பார்வை உறவுக்காரர்கள் மேல் மட்டுமே கூர்மையாகிறது. பிள்ளைகள் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்ற நிச்சயம்தான் அந்தக் கூர்மைக்குச் சாணை.

இருந்தாலும் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். தோட்டத்தில் சுவர் கம்பெனியுடையது, சுண்ணாம்பும் கம்பெனியுடையது. வெள்ளைக்கு மேல் வேறு நிறம் கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. வேலை போனால் வீடும் போகும். தோட்டத் துண்டாடலில் அப்படி வீட்டையும் சேர்த்து இழந்தவர்கள் பெருகியதால்தான், சுங்கை சிப்புட்காரரான வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார்கள். அந்தக் காலத்தைக் கண்டவருக்கு, அண்ணன் மகன் தன் சொந்தச் சுவருக்கு மாம்பழ நிறம் தேர்ந்தெடுப்பது நம்ப முடியாத காட்சி. வேலை நடக்கும் ஐந்து நாளும் வந்து பார்க்க ஆசைப்படுகிறார், வெறுமனே பார்க்க வெட்கமாக இருப்பதால் குறை சொல்கிறார். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

ஆனால் அந்த ஐந்து நாளும் நாளைக்கு நாலு தடவை தண்ணி கலக்கிக் கொடுப்பது அண்ணி. ராத்திரி பிரஷ்ஷைக் கழுவி, தரையில் சிந்தியதைச் சுரண்டி, விரித்த பழைய பேப்பரை அள்ளுவது வீட்டு மருமகள். தோட்டத்திலும் கத்தி பிடித்தவர்களில் பெண்கள் ஏராளம், மண்டோர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா கூட இருந்ததாலதான் வேலை சுத்தமா முடிஞ்சிருக்கு" என்று சொல்லும்போது அவர் மறுப்பதில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அடித்தவர்கள் பெயரைச் சொல்லும் ஒழுங்குகூட நம் கூடங்களில் இல்லை.

அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்தப்பாவை விரட்டாதீர்கள், அது நம் வழக்கமில்லை. முதல் பூச்சு முடிந்த கையோடு புந்தோங் கச்சாங் பூத்தே கிராமத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு கடையாக முறுக்கை முறித்துப் பார்த்து, எண்ணெய் பழசு, உப்பு கூடுதல் என்று குறை சொல்லி, அரைக் கிலோ வாங்கித் திரும்ப அவருக்கு எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாயம் காயவும் அவ்வளவு நேரம்தான் வேண்டும்.