நான் பேசுறது கேக்குதா?

எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நியாயமாகப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

நியூஜெர்சியிலிருந்து பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். போய்க்கொண்டிருந்தோம் என்பது ஒரு பேச்சுக்கு. பென்சில்வேனியா டர்ன்பைக்கில், பதினெட்டுச் சக்கர லாரி ஒன்றின் பின்கதவைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தோம். கூகுள் மேப் ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டுவிட்டுத் தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டது. சிவப்பு என்று எனக்கே தெரிகிறது. ஏன் சிவப்பு என்பதல்லவா கேள்வி? விபத்தா, ரோடு வேலையா, எந்த லேனை அடைத்திருக்கிறார்கள், அடுத்த எக்ஸிட்டில் இறங்கிவிடலாமா?

இந்தக் கேள்விகளுக்காகத்தான் டாஷ்போர்டுக்கு அடியில், மனைவியின் முழங்கால் சரியாக இடிக்கிற இடத்தில், சிட்டிசன்ஸ் பேண்ட் என்கிற சி.பி. ரேடியோ மாட்டி வைத்திருக்கிறேன். 19-வது சேனல், லாரிக்காரர்களின் சேனல். கியரில் சுற்றிக்கொண்டிருந்த சுருள் ஒயரை விடுவித்து, மைக்கை வாயருகே கொண்டுபோய், மேற்கே போகிற பாதையில் முன்னால் என்ன தகராறு என்று மரியாதையாக விசாரித்தேன்.

கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு கணீரென்று ஒரு குரல்: "ரேடியோ செக், ரேடியோ செக். நான் பேசுறது யாருக்காவது கேக்குதா?"

கேட்கிறது ஐயா. அட்சரம் பிசகாமல் கேட்கிறது. நான் கேட்டதற்குப் பதில் எங்கே?

இந்த ரேடியோவுக்காக மூத்த தலைமுறை பட்ட பாட்டை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 1958-இல் அமெரிக்க அரசு 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு துண்டை எடுத்துப் பொதுஜனங்களுக்கு என்று கொடுத்தது. 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. மறு ஜனவரியில், நாடு முழுக்க மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று நிக்சன் கையெழுத்துப் போட்டார். லாரிக்காரர்கள் இந்த ரேடியோவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது, எந்தப் பாலத்துக்கடியில் போலீஸ் பதுங்கியிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். போலீசுக்குக் கரடி என்று செல்லப்பெயர் வேறு. இந்த ரேடியோவின் பேரில் பாட்டு வந்தது, சினிமா வந்தது. 23 சேனல் போதாமல் 1977-இல் 40 ஆக்கினார்கள். ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுகூட ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டு இதில் பேசியிருக்கிறார். அத்தனை பேருக்கும் சொல்வதற்கு ஏதோ இருந்தது.

1983-இல் லைசென்ஸே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் பேசலாம். பேச விஷயம் இருக்க வேண்டும் என்று மட்டும் எந்த விதியிலும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

ஆண்டெனாவை எப்படி வைப்பது என்பதுதான் இதில் உண்மையான சூட்சுமம். அதைக் கட்டாயம் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த "கேக்குதா" கோஷ்டியை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

முதல் ரகம், சுப்ரபாத ரகம். வண்டியை எடுத்ததும் செக் கேட்பார்கள். கேட்கிறது என்று ஒரு புண்ணியவான் சொல்வார். நன்றி சொல்லிவிட்டு, அன்று முழுவதும் வாயே திறக்க மாட்டார்கள். மறுநாள் காலை மறுபடி செக். இரவோடு இரவாகத் தன் குரல் களவு போயிருக்குமோ என்று பயம்.

இரண்டாவது ரகம், பதில் சொல்கிற சாக்கில் கேள்வி கேட்பது. "உன் குரல் நல்லா கேக்குது, என் குரல் உனக்கு எப்படி?" "எனக்கும் நல்லா கேக்குது." "அப்படியா, சந்தோஷம்." "எனக்கும்." முடிந்தது சம்பாஷணை. இரண்டு பெரிய லாரிகள், நடுவில் நாற்பது டன் சரக்கு, அகண்ட தேசம், பரிமாறிக்கொண்டது இவ்வளவுதான்.

மூன்றாவது ரகம், நாலு வாட் போதாதவர்கள். சட்டப்படி ஏ.எம்.மில் நாலு வாட்தான். இவர்கள் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபையரை ஒளித்து வைத்து, எக்கோவையும் சேர்த்துவிட்டுக் கேட்பார்கள்: "ரேடியோ செக்... செக்... செக்... கேக்குதா... தா... தா..." ஐயா, பக்கத்து மாநிலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவனுக்கே கேட்கும். உங்களுக்கு எதற்குச் சந்தேகம்?

நான்காவது ரகத்தைக் குறை சொல்லி லாபமில்லை. அது சூரியன் செய்கிற வேலை. பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் பெருகும்போது, இந்த அலைகள் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரம் மைல் தாண்டி இறங்கும். அப்போது டெக்சாஸில் யாரோ ஒருவர், கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிற நட்சத்திரத்தின் தயவில், மலைகளையும் நதிகளையும் தாண்டி வந்து என் காதில் சொல்கிற சேதி: நான் பேசுறது கேக்குதா? எனக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற லாரி மட்டும் கம்மென்று இருக்கும்.

நமக்கு இது பழகிய வியாதிதான். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்துக்குப் பேசினால் அத்தை இப்படித்தான். "கேக்குதாப்பா?" "கேக்குது அத்தை." "எனக்குக் கேக்குது, உனக்குக் கேக்குதா?" "கேக்குது அத்தை, சொல்லுங்க." "இரு, மாமாகிட்ட தரேன், அவருக்குக் கேக்குதான்னு பாரு." மாமாவுக்கும் கேட்கும். பிறகு எல்லோருக்கும் எல்லாம் கேட்கிறது என்று முடிவானதும், "சரி, வேற?" என்பார்கள். ஆனால் அத்தையிடம் பாசம் இருக்கிறது. 19-வது சேனலில் அதுவும் கிடையாது. அதிகம் போனால், உன் சிக்னல் ஒன்பது பவுண்டு என்பார்கள். மீட்டர் முள் ஒன்பதில் நிற்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்டுப் பூரித்துப் போகிற ஆண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

"நீயும் கேட்டதில்லையா?" என்று மடக்கப் பார்க்காதீர்கள். நான் கேட்பது பரிசோதனை. அவர்கள் கேட்பது பழக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மாட்டிப் பார்த்தவனுக்குத்தான் புரியும். சிகரெட் லைட்டரிலிருந்து கரண்ட் எடுத்தால் ஆல்டர்னேட்டர் ஊளையிடும். ஆகவே பேட்டரியிலிருந்தே நேராக, ஃபியூஸ் வைத்து, என்ஜினுக்கும் காருக்கும் நடுவே இருக்கிற தகரச் சுவரில் ரப்பர் மூடியைத் துளைத்து ஒயரை இழுக்க வேண்டும். அலையின் நீளம் பதினோரு மீட்டர். அதில் கால் பங்கு நீளத்துக்காவது கம்பி வேண்டும் என்கிறது பௌதிகம். அத்தனை பெரிய கம்பியோடு கராஜுக்குள் நுழையாதே என்கிறது குடும்பம். சமரசமாக, அடியில் காயில் சுற்றிய குட்டைக் கம்பியைக் காந்தத்தில் நிறுத்த வேண்டும். அப்புறம், அனுப்பிய சக்தி ஆண்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை நடுவில் கோத்து, முதல் சேனலிலும் கடைசிச் சேனலிலும் பார்த்து, கம்பியைத் துளித்துளியாக நறுக்க வேண்டும். 1.5-க்குக் கீழே வந்தால் நிம்மதி. மூன்றைத் தாண்டினால், ரேடியோவின் கடைசி டிரான்சிஸ்டருக்குக் கருமாதிதான். குறைத்து நறுக்கினால் மறுபடி நறுக்கலாம். அதிகமாக நறுக்கியதை ஒட்ட வைக்க எந்தக் கடையிலும் ஆள் கிடையாது. இத்தனையும் செய்தவன் ஒருதரம் கேட்காமல் எப்படி இருப்பான்?

பின்சீட்டில் மாமனார் புளியோதரை டப்பாவைத் திறந்துவிட்டார்.

"மாப்ளே, இதுல திருச்சி ஸ்டேஷன் எடுக்குமா?"

"எடுக்காது மாமா. இது பேசுற ரேடியோ."

"அப்ப பாட்டு வராது."

"வராது."

"செய்தி?"

"வராது மாமா."

"நீங்க கேட்டதுக்குப் பதிலும் வரலை." வற்றல் மிளகாயைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். "பின்ன எதுக்கு மாப்ளே?"

"அவசரத்துக்குப்பா," என்றாள் மனைவி, முழங்காலைத் தடவிக்கொண்டே. எனக்குப் பரிந்து பேசுகிறாளா, குத்திக் காட்டுகிறாளா என்று புரியவில்லை. "ஒன்பதாவது சேனல் அதுக்குன்னே இருக்காம். சட்டமே போட்டிருக்காங்களாம். ஏங்க, அதைத்தான் போட்டுக் காட்டுங்களேன்."

போட்டுக் காட்டினேன். அவசரத்துக்கும் வழிப்பயணிகளுக்கு உதவவும் மட்டுமே என்று ஒதுக்கிய 9-வது சேனல். பவ்வியமான, கொஞ்சம் வயதான குரல். புது ஆண்டெனா போட்டிருக்கிறாராம். பெரிய செலவாம். சாயங்காலம் முழுக்க அதில்தான் போயிற்றாம். இந்தப் பக்கம் யாராவது இருந்தால், தான் பேசுவது கேட்கிறதா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

மிக அருகில் இருந்திருக்க வேண்டும். மீட்டர் முள் வலது கோடியில் போய் ஒட்டிக்கொண்டது. மாமனார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "பாவம், பதில் சொல்லுங்களேன்," என்றார்.

மைக்கைக் கொக்கியில் மாட்டினேன். கேட்கவில்லை என்றே நினைத்துக்கொள்ளட்டும். போய் இன்னும் பெரிய ஆண்டெனாவாக வாங்கட்டும்.